முள் காட்டுவதும் திரை சொல்வதும்

நெடும்பயணத்துக்கென வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலை பொருத்திக் கொடுத்த மானிகளை அப்படியே விட்டுவிடுவதா, அவற்றைக் கழற்றிவிட்டு வண்ணத் திரையோ கூடுதல் மானிகளோ பொருத்துவதா என்னும் கேள்வி பெரும்பாலும் விலை, தோற்றம், பொருத்தும் வசதி ஆகியவற்றைக் கொண்டே தீர்க்கப்படுகிறது. அவை பொருட்படுத்தத் தக்கவைதாம். எனினும் அவற்றுக்கு முன்பாகவே கேட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு: புதிய மானி வண்டியோட்டிக்குத் தருவது அறிவையா, அறிந்துவிட்டோம் என்னும் மனநிறைவையா? இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை இந்தியத் தத்துவ மரபு மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. வேதத்தின் நம்பகம், ஆன்மாவின் உண்மை போன்ற பெரும்பொருள்களை முன்னிட்டு எழுந்த ஆராய்ச்சியே ஆயினும், கைப்பிடிக்கு மேலே இருக்கும் சிறு வட்டத்துக்கும் அது குறையின்றிப் பொருந்துகிறது.

அறிவைப் பெறும் வழியை வடமொழி நூல்கள் பிரமாணம் என்றும் தமிழ் நூல்கள் அளவை என்றும் வழங்கும். எத்தனை அளவைகளை ஏற்பது என்பதிலேயே மரபுகள் பிரிந்து நின்றன. உலகாயதர் புலன்களால் நேரே காண்பதை மட்டும் ஏற்றனர். பௌத்த அளவையியலார் அதனோடு அனுமானத்தையும், அதாவது கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிவதையும் ஏற்றனர், மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைப்பதும் இவ்விரண்டையே. கௌதமரின் நியாய சூத்திரம் ஒப்புமையையும் நம்பத்தக்கவர் உரையையும் சேர்த்து நான்காக்கியது. மீமாஞ்சகருள் குமாரிலரைப் பின்பற்றிய பாட்டர் ஆறு வரை சென்றனர். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவை இலக்கணத்தோடு தொடங்கி, பிறர் கூறும் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். இறைவனைப் பற்றிப் பேசப் புகுமுன் பேசுவதற்கான ஆதாரத்தை வரையறுத்துக்கொள்ளும் இந்த ஒழுங்கு, உதிரிபாகக் கடையின் விலைப்பட்டியலைத் திறக்குமுன்னும் கடைப்பிடிக்கத் தக்கது.

கேள்வியை ஒரு குறிப்பிட்ட வண்டியிலும் ஒரு குறிப்பிட்ட சாலையிலும் வைத்துப் பார்ப்பது நலம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016இல் வெளியிட்ட 411 சிசி ஹிமாலயன் வண்டியில் வேகத்தையும் இயந்திரச் சுழற்சியையும் பெட்ரோல் அளவையும் முள்கள் காட்டின. திசைகாட்டியும் வெளிவெப்பமும் சிறு எண் திரைகளில் தெரிந்தன. 2023இல் வந்த அதன் வழித்தோன்றலில் முள்கள் மறைந்து, நான்கு அங்குல வட்டத் திரை ஒன்றே வேகமும் வரைபடமும் உட்பட எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. பழைய வண்டி வைத்திருந்து மணாலியிலிருந்து லே வரை செல்ல எண்ணுபவருக்கு, தம் வண்டியும் அவ்வாறு மாற வேண்டுமோ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவர் பின்னோக்கியும் ஒருமுறை பார்க்கலாம். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட்டின் முகப்பு விளக்குக் கூட்டில் ஒரு ஸ்பீடோமீட்டரும் ஒரு சிறிய ஆம்பியர் மீட்டரும் இருந்தன. பெட்ரோல் மானி இல்லை. டேங்கின் மூடியைத் திறந்தால் பெட்ரோலைக் கண்ணாலேயே காணலாம், அது தீரும்போது இயந்திரம் இருமி உணர்த்தும், உடனே குழாயைத் திருகி ரிசர்வுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை எந்தப் புலனாலும் அறிய முடியாதாகையால் அதற்கு மட்டும் ஒரு முள் கொடுக்கப்பட்டது. சிக்கனத்துக்காகவே அவ்வாறு செய்யப்பட்டிருக்கலாம். ஆயினும் காண்டல் எட்டாத இடத்தில்தான் கருவி வேண்டும் என்னும் தெளிவு அந்தக் கூட்டில் இருந்தது.

முள்ளைப் பார்த்து வேகத்தை அறிவது எந்த அளவையைச் சேரும்? கண்ணால் பார்க்கப்படுவதால் காண்டல் என்று தோன்றும். ஆனால் கண் காண்பது முள்ளின் நிலையை மட்டுமே, வேகத்தை அன்று. ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற சுழல் மின்னோட்ட வேகமானியில், சக்கரத்தின் சுழற்சியைக் கேபிள் ஒன்று மேலே கொண்டுவந்து ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது; அக்காந்தம் தன்னைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதை இழுக்கிறது; மயிரிழை போன்ற சுருள்வில் அந்த இழுப்பை எதிர்த்து நிற்க, இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. சக்கரம் முதல் முள் வரை இடையறாத காரணத் தொடர் இருப்பதால், முள்ளைக் கொண்டு வேகத்தைத் துணிவது புகையைக் கொண்டு நெருப்பைத் துணிவதை ஒத்த அனுமானமே. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள பிரியாத உடனிகழ்ச்சியை, நியாய சூத்திரத்தைப் பின்பற்றும் நையாயிகர் வியாப்தி என்பர். வியாப்தியை ஐயுறுபவர் அதைச் சோதித்துக்கொள்ள வழி வேண்டும். கேபிள் மானியில் அந்த வழி திறந்தே இருந்தது. கேபிள் அறுந்தால் முள் விழும், எண்ணெய் வறண்டால் முள் நடுங்கும், திருப்புளி வைத்திருப்பவர் கழற்றிப் பார்த்துக் காரணத்தைக் கையில் பிடித்துவிடலாம்.

திரையின் செய்தி வேறு வகையில் வருகிறது. சக்கரத்தருகே உள்ள உணரி துடிப்புகளை அனுப்ப, கட்டுப்பாட்டுக் கணினி அவற்றை எண்ணி, சக்கரத்தின் சுற்றளவு இன்னது என முன்பே எழுதிவைத்த மதிப்பால் பெருக்கி, ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்து, எந்த எண்ணை எந்த நிறத்தில் காட்டுவது என்று முடிவு செய்கிறது. இம்முடிவுகள் ஒவ்வொன்றையும் எங்கோ ஒரு மென்பொருள் எழுத்தாளர் முன்கூட்டியே எடுத்திருக்கிறார். ஆகவே திரையை நம்புவது அனுமானத்திலிருந்து விலகி, உரை என்னும் மூன்றாம் அளவைக்குள் பெருமளவு சென்றுவிடுகிறது: நேரில் இல்லாத ஒருவரின் சொல்லை ஏற்பது. உரை தாழ்ந்த அளவை என்று இதற்குப் பொருளில்லை. உலகாயதரும் பௌத்தரும் அதைத் தனியளவையாக ஏற்க மறுத்தபோது சைவரும் நையாயிகரும் உறுதியாகக் காத்தனர். ஆனால் யாருடைய உரை என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தனர். பொருளை உள்ளபடி அறிந்தவராகவும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருப்பவரையே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர் என்று நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் வரையறுத்தார். முள்ளிலிருந்து திரைக்கு மாறுபவர் குறைந்த அறிவிலிருந்து மிகுந்த அறிவுக்கு மாறுவதாக நினைப்பது பொதுவாகச் சரியன்று. தாமே தொடர்ந்து சென்று சரிபார்க்கக்கூடிய அடையாளத்தை விட்டு, முகம் தெரியாத ஒருவரின் வாக்குமூலத்துக்கு அவர் மாறுகிறார்.

அந்த வாக்குமூலம் எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை என்பதும் தெரிந்ததே. வேகமானிகளுக்கான பன்னாட்டு ஒழுங்குவிதி, உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது என்று கட்டளையிட்டு, ஓர் எல்லை வரை மிகுத்துக் காட்டுவதற்கு இடம் கொடுக்கிறது. அதனால் தயாரிப்பாளர்கள் மானியைச் சற்றே கூட்டியே அமைக்கின்றனர். சில வாகனங்களில் வெப்பமானியின் முள், இயந்திரத்தின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி பதப்படுத்தப்பட்டிருக்கும். உரிமையாளர் வீணாகக் கலங்கிப் பணிமனைக்கு ஓடிவராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. முன்னதைத் தீமை பயவாத சொல் என்று வள்ளுவரின் வாய்மை அதிகாரத்தைக் கொண்டு காக்கலாம். பின்னதை அவ்வளவு எளிதாகக் காக்க இயலாது, ஏனெனில் அங்கே அறிவின் வடிவத்தில் ஆறுதல் பரிமாறப்படுகிறது. முள்ளுக்கும் இந்தக் குற்றம் வரக்கூடும் என்பதால், முள் மெய் திரை பொய் என்று எளிமைப்படுத்துவதும் தவறாகும். இடையில் நின்று பேசுபவர் ஒருவர் வந்துவிட்டாரா என்பதே வேறுபாட்டின் இடம்.

வேகமானி மிகுத்துக் காட்டுகிறது என்று அறிந்தவர் செயற்கைக்கோள் வழி இயங்கும் இன்னொரு வேகமானியை வாங்க நினைப்பார். முள் 80 என்று நிற்கையில் புதியது 75 என்னும்; கைப்பேசி 76 என்னும். எதைக் கொண்டு எதைத் திருத்துவது? இந்தச் சிக்கலுக்கு அனவஸ்தை, அதாவது முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும் குற்றம் என்று பெயர். ஓர் அறிவு சரியென்று நிறுவ இன்னோர் அறிவு வேண்டுமென்றால் அந்த இரண்டாவதை நிறுவ மூன்றாவது வேண்டும், அதற்கு எல்லையே இராது என்று குமாரிலர் வாதிட்டு, ஆகவே எந்த அறிவும் தோன்றும்போதே சரியென ஏற்கத்தக்கது, அதை மறுக்கும் இன்னோர் அறிவு எழுந்தால் மட்டும் கைவிடத்தக்கது என்று முடித்தார். இந்த முடிவை ஏற்கும் பயணி, தன்னை ஏமாற்றாத வரை பழைய மானியை விடமாட்டார். உதிரிபாகம் விற்பவருக்கு உவப்பான தத்துவம் அன்று இது. நையாயிகர் வேறு விடை சொன்னார்கள். அறிவின் சரிமையை அதற்கு வெளியே இருந்துதான் அறிய வேண்டும். ஆனால் வெளியே இருப்பது இன்னோர் அறிவாக இருக்கத் தேவையில்லை, பயன் தரும் செயலாக இருக்கலாம். தொலைவில் தெரிவது நீரா கானலா என்னும் ஐயம், சென்று குடித்தவருக்குத் தீர்ந்துவிடுகிறது. வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தைத் தொடங்குவதே அளவையால் அறிந்தவனின் முயற்சி கைகூடுவதால் அளவை பொருளுடையது என்னும் கருத்தோடுதான்.

இரு விடைகளுள் இரண்டாவதே மானி வாங்குபவருக்கு உதவுவது. லே நகருக்கு வடக்கே உள்ள கர்துங் லா கணவாயின் உயரம் 18,380 அடி என்று நெடுங்காலம் பலகைகள் அறிவித்துவந்தன. பிற்கால அளவீடுகள் அதை 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,582 அடி என்கின்றன. ஏறத்தாழ 800 அடி வேறுபாட்டை உயரமானி பொருத்தியவர் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்து என்ன செய்வார்? மூச்சிரைப்பும் தலைவலியும் பலகையைக் கேட்டு வருவதில்லை; இறங்க வேண்டுமா என்பதை உடலே சொல்லிவிடும். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைத் துணியும் மானி வானிலை மாறினாலே பிழைபடும் என்பது வேறு. நியாய சூத்திரம் ஆராயத்தக்க பொருள்களைப் பதினாறாக வகுக்கும்போது அளவை, அளக்கப்படும் பொருள் ஆகிய இரண்டை அடுத்து உடனே ஐயத்தையும் பயனையும் வைக்கிறது. ஐயம் இல்லாத இடத்திலும் பயன் இல்லாத இடத்திலும் ஆராய்ச்சி எழாது. உயரமானி இந்த இரண்டாவது வாயிலில் நின்றுவிடுகிறது.

மின்னழுத்தமானி இரண்டு வாயில்களையும் கடக்கிறது. 12 வோல்ட் பேட்டரி உள்ள வண்டி ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை நிற்க வேண்டும். கூடுதல் விளக்குகளும் சூடேற்றும் கையுறைகளும் ஒருசேர இயங்கி அது 12.5க்குக் கீழே இறங்கினால், வண்டி உண்டாக்கும் மின்சாரம் போதாமல் பேட்டரி கரைகிறது என்று பொருள். பெட்ரோலை மின்பம்பு கொண்டு உட்செலுத்தும் வண்டியில் பேட்டரி தீர்ந்தால் இயந்திரமே நின்றுவிடும். புலனுக்கு எட்டாத நிலை, எழக்கூடிய உண்மையான ஐயம், விளக்கை அணைத்தல் என்னும் உடனடிச் செயல் ஆகிய மூன்றும் இங்கே கூடுகின்றன. பழைய புல்லட்டின் ஆம்பியர் மீட்டருக்கு இருந்த நியாயமே இதற்கும் உள்ளது.

பெட்ரோல் செய்தி இதைவிடச் சுவையானது. மணாலி–லே சாலையில் தாண்டி என்னும் ஊரின் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவிக்கும் புகழ்பெற்ற பலகை ஒன்று உண்டு. 15 லிட்டர் டேங்க் நிரப்பியவருக்கு லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால் 450 கிலோமீட்டர் வரை ஓடும். டேங்கினுள் மிதவையைக் கொண்டு இயங்கும் பெட்ரோல் மானி, வண்டி மேடேறும்போதும் பெட்ரோல் தளும்பும்போதும் தடுமாறும். ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டர் தடுமாறாது, ஆனால் உயரத்தில் இயந்திரம் எவ்வளவு குடிக்கிறது என்பதை அறியாது. குறையுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவர், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்று ஒரே எண்ணில் அறிவிக்கும் திரையை நம்பியிருப்பவரைவிடத் தாழ்ந்த நிலையில் இல்லை. அந்த ஒற்றை எண்ணும் இதே இரு அடையாளங்களிலிருந்து பிறந்ததே. கணக்கிட்ட முறை மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது.

டயர் அழுத்தத்தில் இன்னொரு நுட்பம் வெளிப்படுகிறது. ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ள மணாலியில் காற்று நிரப்பி, 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லா கணவாய்க்கு ஏறுபவரின் டயரில், உள்ளிருக்கும் காற்று மாறாமலிருக்க வெளிக்காற்று மெலிகிறது. எனவே கையால் வைத்துப் பார்க்கும் மானி, வெப்பநிலை மாறாது என்று கொண்டால், ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், கணவாயின் குளிர் அதில் ஒரு பகுதியை மீண்டும் குறைக்கும். வால்வில் பொருத்தும் உணரிகளுள் சில, உள்ளழுத்தத்தை முழுமையாக அளந்து அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தை எங்கும் ஒரே அளவாகக் கழித்துக் காட்டும். அவை மணாலியிலேயே கைமானியோடு முரண்படும். இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை. அளக்கப்படும் பொருளை, பிரமேயம் என்று நியாயம் வழங்குவதை, முதலில் உறுதி செய்யாமல் அளவையை வாங்கியதால் வந்த முரண் இது. டயரின் வடிவமும் பிடிப்பும் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சார்ந்தவையாதலால், இந்தச் சாலையில் விலை குறைந்த கைமானியே உரிய பொருளை அளக்கிறது.

கூடுதல் மானிக்கு எதிரான வலுவான வாதம் மனத்தின் இயல்பிலிருந்து வருகிறது. பல அறிவுகள் ஒரே கணத்தில் எழாமையே மனம் என்று ஒன்று இருப்பதற்கு அடையாளம் என்பது நியாய சூத்திரத்தின் துணிபு. ஐம்புலன்களும் திறந்திருக்கும்போதும் அணுவளவான மனம் ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. திரையில் இரண்டு நொடி படித்தவர் ஏறத்தாழ 44 மீட்டர் சாலையை மனமின்றிக் கடந்திருக்கிறார். முள்ளின் சாய்வு ஓரக்கண்ணுக்கே புலப்படும், எண்ணோ படிக்கப்பட வேண்டும் என்பதும் இங்கே கணக்கில் வரும். எச்சரிக்கை விளக்கு இவை இரண்டையும்விட மேலானது, ஏனெனில் தேவை வரும் வரை அது மனத்தைக் கேட்பதில்லை.

ஆனால் எரியாத விளக்கு எதையாவது அறிவிக்கிறதா? ஆறு அளவைகளை ஏற்ற பாட்டர் அவற்றுள் ஒன்றாகக் கொண்டது அனுபலப்தி, அதாவது காணப்படாமையால் இன்மையை அறிவது. மேசைமேல் குடம் தென்படாததால் குடம் இல்லை என்று அறிகிறோம். இதற்கு அவர்கள் இட்ட நிபந்தனைதான் முக்கியமானது: இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் காணாமை அறிவாகும்; இருட்டறையில் குடம் தென்படாமை எதையும் நிறுவாது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து பின் அணைகின்றனவே, அது இந்த நிபந்தனையை நிறைவேற்றும் சடங்கு. ஆயில் அழுத்த விளக்கு எரியக்கூடியது என்று அப்போது கண்டவருக்கு, பின்னர் அது எரியாதிருப்பது அழுத்தம் குறையவில்லை என்னும் அறிவாகிறது. மலிவான மாற்றுத் திரைகளுள் சில இந்தச் சோதனையைச் செய்வதில்லை. அப்படிப்பட்ட ஒன்றைப் பொருத்துபவர் பத்து புதிய எண்களைப் பெற்று, ஓர் அளவையையே இழக்கிறார்.

இவ்வளவுக்குப் பின்னும் திரை அழகாக இருக்கிறது, அதனால் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதில் குற்றம் காண்பதற்கு அளவையியலுக்கு உரிமையில்லை. பயன் என்பதில் இன்பமும் அடங்கும். அந்த விருப்பம் பாதுகாப்பு என்றும் அறிவு என்றும் பெயர் பூண்டு வரும்போதே அது ஆய்வுக்கு உரியதாகிறது. சமணம் இல்லறத்தாருக்கு வகுத்த நோன்புகளில் உடைமைக்கு வரையறை செய்துகொள்வது ஒன்று. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் செல்வது என்பதற்கு வரையறை செய்துகொள்ளும் திசைநோன்பு இன்னொன்று. நெடும்பயணி இரண்டாவதைத் தொடக்கத்திலேயே கைவிட்டவர் என்பதால் முதலாவதைக் குறித்தாவது சற்று யோசிக்கலாம். அந்நோன்பில் வரையறையின் அளவை நூல் விதிப்பதில்லை, நோற்பவரே முன்கூட்டிச் சொல்லிக்கொள்கிறார். இத்தனை மானிகள் போதும் என்பதைக் கடைக்குள் நுழையுமுன் எழுதிவைத்தால் அதே ஒழுங்கு கிடைக்கும். மோட்டார் சைக்கிளையும் மெய்யியலையும் இணைத்து ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட நூலில், நண்பரின் விலையுயர்ந்த வண்டியின் தளர்ந்த கைப்பிடியைப் பீர் டின்னின் தகட்டைக் கொண்டு சரிசெய்யலாம் என்று கதைசொல்லி சொல்ல, நண்பர் முகம் சுளிக்கும் பகுதி பலரால் எடுத்துக்காட்டப்படுவது. இயந்திரத்தின் உட்காரணங்களை அறிந்தவருக்கும் அதன் தோற்றத்தோடு நின்றவருக்கும் இடையிலான பிணக்கு அது. இன்றைய முத்திரையிட்ட திரையின் முன் இருவரும் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். தகட்டைச் செருக அதில் இடமில்லை.

மாற்றுவது என்றே முடிவானால் எஞ்சுவது ஓடோமீட்டர், அதாவது வண்டி பிறந்தது முதல் ஓடிய தூரத்தைக் கூட்டிவைத்திருக்கும் பகுதி. மற்ற மானிகள் நிகழ்வதைச் சொல்ல, இது நினைவைக் காக்கிறது. நினைவைத் தனியளவையாக நையாயிகர் ஏற்பதில்லை, அது பழைய அறிவின் மறுதோற்றமே என்பர். இங்கோ பழைய மானியைக் கழற்றியதும் அந்த மறுதோற்றத்துக்கும் இடமில்லாமல் போகிறது. சுழியத்திலிருந்து தொடங்கும் புதிய திரை, வண்டியை அடுத்து வாங்குபவரிடம் உரிமையாளரின் குரலில் பொய் சொல்லத் தொடங்கிவிடும், உரிமையாளர் வாய் திறக்காவிட்டாலும்கூட. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது: மாற்றப்பட்ட ஓடோமீட்டர் பழைய தூரத்தைக் காட்ட இயலாதாயின் அதைச் சுழியத்தில் வைத்து, முந்தைய தூரத்தையும் மாற்றிய நாளையும் எழுதி வாகனத்தின் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி என்பது வெளிப்படை. கதவே இல்லாத வண்டிக்கு, அந்த இரண்டு விவரங்களையும் சர்வீஸ் புத்தகத்தில் பணிமனையின் முத்திரையோடு பதிந்து, கழற்றிய பழைய மானியையும் வண்டியோடு சேர்த்தே ஒப்படைப்பது ஒன்றுதான் வழி.